பக்கத்து வீட்டுச் சிக்லிட்

குடிப்பழக்கமா? கிடையாது. சிகரெட்டும் கிடையாது. முதல்ல உட்காருங்க. நீங்க நின்னுக்கிட்டுக் கேட்டா நானும் நின்னுக்கிட்டுச் சொல்லணும், எனக்கு முட்டி தாங்காது. பொண்ணுக்கு அத்தைன்னு சொன்னீங்கல்ல. நல்லது. இந்தக் காலத்துல போன்ல போட்டோவைப் பார்த்துட்டுப் பொண்ணைத் தூக்கிக் குடுத்துடறாங்க. நேர்ல வந்து நாலு வீடு ஏறி விசாரிக்கறதுக்கு உங்களை மாதிரி யாரோ ஒருத்தர்தான் இருக்காங்க. கீழ் வீட்டுல கேட்டீங்களா? தங்கமான பையன்னு சொல்லியிருப்பாங்களே. அவங்க எல்லாரையும் தங்கம்னுதான் சொல்லுவாங்க. அவங்க நாயையும் தங்கம்னுதான் சொல்றாங்க. அது என் பட்டுப் புடவை முந்தானையைப் பிடிச்சுக் கிழிச்சிருக்கு.

என்னைக் கேக்க வந்தீங்க பாருங்க, அதுதான் சரி. அவன் வீட்டுச் செவுரும் எங்க வீட்டுச் செவுரும் ஒரே செவுரு. அங்க தும்மினா இங்க எனக்குத் தெரியும்.

சபரிநாதன். பேரு நல்ல பேரு. வேலையும் நல்ல வேலைதான், ஏதோ கம்பெனியில கார் உதிரி பாகத்துக்கு டிசைன் போடறான். அம்மா இல்ல, அப்பா திருக்கோவிலூர்ல அண்ணன்கூட இருக்காரு, அதெல்லாம் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். குடி இருந்தா, சீட்டாட்டம் இருந்தா, இதுதாங்க குறைன்னு ஒரு வார்த்தையில சொல்லி, காபி குடுத்து அனுப்பியிருப்பேன். இவனுக்கு இருக்கறது மீனு.

சாப்பிடற மீன் இல்லைங்க. சாப்பிட்டா சாப்பிட்டுட்டுப் போகட்டும். வளர்க்கறான். ஹால்ல சோபா கிடையாது, டி.வி. கிடையாது. வீட்டுக்குள்ள போனா நேரா ஒரு தொட்டி, ஒரு ஆளு நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு பெருசு. அதுல பாறாங்கல்லா அடுக்கி வச்சிருக்கான். ஒரு செடி, ஒரு கொடி, ஒண்ணும் கிடையாது. கல்லு, கல்லுக்கு மேல கல்லு, அதுக்கு நடுவுல மஞ்சளும் நீலமுமா மீனு ஓடிக்கிட்டிருக்கும். ஆப்பிரிக்காவுல ஏதோ ஏரியில இருக்கற மீனாம். சிக்லிட்டாம். சூயிங்கம் பேரு மாதிரி இருக்குல்ல? நானும் அதைத்தான் சொன்னேன். சிரிச்சான். எது சொன்னாலும் சிரிப்பான், அதுவும் ஒரு குறைதான், எழுதிக்கங்க.

எனக்கும் அவனுக்கும் என்ன பகைன்னு நீங்க நினைக்கலாம். பகையெல்லாம் ஒண்ணுமில்ல. நடந்ததைச் சொல்றேன், நீங்களே முடிவு பண்ணிக்கங்க.

எங்க வீட்டுக்காரர் மின்வாரியத்துல இருந்து ரிட்டயர் ஆனவரு. வாயைத் திறந்து பேச மாட்டாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்தே அப்படித்தான், அவருக்கும் சேர்த்து நான்தான் பேசணும். போன சித்திரையில ரத்தக் கொதிப்பு ஏறிப்போச்சு. டாக்டர் மாத்திரை எழுதிட்டு, "மனசை அமைதியா வச்சுக்கணும் சார். வீட்டுல ஒரு மீன் தொட்டி வாங்கி வச்சுப் பாருங்க, சிலருக்கு நல்லா கேக்குது"ன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னாரு. நான் அப்படியே விடற ஆளா? மறுநாளே கொளத்தூருக்குப் போயிட்டேன். அங்கதான் தெரு முழுக்க மீன் கடையா இருக்கே.

போறதுக்கு முன்னால இவனை ஒரு வார்த்தை கேட்டேன், அதுதான் நான் பண்ண தப்பு. "உன் வீட்டுல இருக்கே, அந்த மஞ்ச மீனு, நீல மீனு, அதையே வாங்கலாம்னு இருக்கேன்பா"ன்னேன். அதுக்கு என்ன சொல்லணும்? வாங்குங்க ஆன்ட்டி, நல்லாயிருக்கும்னு சொல்லணும். இவன் சொல்றான், "ஆன்ட்டி, முதல் தடவைக்குச் சிக்லிட் வேண்டாம். கப்பி, மோலின்னு சாதுவான மீன் இருக்கு, அதுல ஆரம்பிங்க. சிக்லிட்டுக்கு இடம் நிறைய வேணும். சின்னத் தொட்டியில விட்டா இது என் இடம், அது உன் இடம்னு அடிச்சுக்கும். கடைசியில ஒண்ணுதான் மிஞ்சும்."

அப்புறம் இன்னொண்ணு. தொட்டி வாங்கினதும் மீனு விடக் கூடாதாம். தண்ணியை ஊத்தி, பில்டரைப் போட்டு, ஒரு மாசம் வெறும் தண்ணியை ஓட விடணுமாம். தண்ணிக்குள்ள ஏதோ கண்ணுக்குத் தெரியாத பூச்சி உண்டாகி, அதுதான் மீனோட கழிவைத் தின்னுமாம். கேட்டீங்களா கூத்தை. தண்ணியில பூச்சி உண்டாக்கறதுக்கு ஒருத்தன் யோசனை சொல்றான். நான் தினமும் பூச்சி வரக் கூடாதுன்னு கீழ் தண்ணித் தொட்டி சம்ப்புல பிளீச்சிங் பவுடர் போடறவ. அடுப்பைப் பத்த வச்சுட்டு ஒரு மாசம் உலை வைக்காம உட்கார்ந்திருப்பாங்களா யாராவது?

எனக்கு உடனே புரிஞ்சு போச்சு. அவன் வீட்டுல இருக்கறது நம்ம வீட்டுலயும் வந்துட்டா அவனுக்கு என்ன பெருமை? அதான். பொறாமை. சின்ன வயசுல இவ்வளவு பொறாமை இருந்தா, நாளைக்குப் பொண்டாட்டி நாலு காசு கூடச் சம்பாதிச்சா தாங்குவானா? அதையும் யோசிச்சுக்கங்க.

வாங்கிட்டேன். டீப்பாய் மேல உட்கார்ற மாதிரி அழகான தொட்டி. மஞ்ச மீனு, நீல மீனு, அது கூட வால் நீளமா இருக்கற தங்க மீனு, தட்டையா பட்டம் மாதிரி ஏஞ்சல்னு ஒண்ணு, எல்லாத்துலயும் ஜோடி ஜோடியா. கலர் கூழாங்கல்லு, பிளாஸ்டிக் தென்னை மரம், ஒரு சின்னக் கோட்டை. கோட்டைக்குள்ள லைட்டு எரியும். அந்தப் பையன் வச்சிருக்கற கல்லு குவாரிக்கும் எங்க தொட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, அவ்வளவு லட்சணம்.

அவரை முன்னாடி உட்கார வச்சேன். காலையில காபி குடிச்சதும் மீனைப் பார்க்கணும். சாயங்காலம் டிபன் ஆனதும் பார்க்கணும். இந்த மனுஷன் பேப்பரை எடுத்து விரிப்பாரு, நான் பிடுங்கிடுவேன். "மீனைப் பாருங்க. டாக்டர் சொன்னாரில்ல, அமைதியா பாருங்க"ன்னு பக்கத்துலயே நிப்பேன். கண்ணு மீன் மேல இருக்கும், மனசு எங்க இருக்கும்னு தெரியாது. அப்பப்ப நான்தான், "அந்த மஞ்சளைப் பாருங்க, எப்படித் திரும்புது பாருங்க"ன்னு எடுத்துச் சொல்லணும். இல்லன்னா அவரு பாட்டுக்கு உட்கார்ந்திருப்பாரு.

ஒரு வாரம் கூட ஆகல, தண்ணி அரிசி களைஞ்ச மாதிரி வெள்ளையாயிடுச்சு. நான் சும்மா விடுவேனா? மீனை எல்லாம் பக்கெட்டுல பிடிச்சுப் போட்டுட்டு, தொட்டியைக் கவுத்து, கல்லு, கோட்டை எல்லாத்தையும் தேய்ச்சுக் கழுவி, குழாய்த் தண்ணியைப் புதுசா நிரப்பினேன். பளிச்சுனு ஆயிடுச்சு. மறுநாள் தங்க மீனு ரெண்டும் மேல மிதக்குது. அப்புறம் ஒரு ஏஞ்சல். நான் இன்னும் நல்லாக் கழுவினேன். இன்னொரு ஏஞ்சலும் போச்சு. தீனி போதலையோன்னு இட்லியைப் பிட்டுப் போட்டேன். ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை போடுவேன். நம்ம வீட்டுல யாரும் பசியோட இருக்கக் கூடாது, அது என் கொள்கை.

அந்தக் கடைக்காரன் ஏமாத்திட்டான்னு நினைச்சேன். ஆனா பக்கத்து வீட்டுல ஒரு மீனும் சாகல பாருங்க. அது எப்படி? ஒரே தெரு, ஒரே தண்ணி. இவன் கண்ணு போடாம அது நடக்குமா? வாசல்ல என்னைப் பார்க்கும்போதெல்லாம் "மீன் எப்படி இருக்கு ஆன்ட்டி?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். அப்படிக் கேக்கறப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்.

கடைசியில மிஞ்சினது ஒரு நீலமும் ஒரு மஞ்சளும். அந்த நீலத்தைப் பத்தி என்ன சொல்ல. ரவுடி. நான் நட்டு வச்ச தென்னை மரத்தைத் தினமும் பிடுங்கிப் போடும். கூழாங்கல்லை வாயில அள்ளி அள்ளி ஒரு மூலையில குவிக்கும். நான் கையை விட்டுச் சமன் பண்ணுவேன். நான் அந்தப் பக்கம் திரும்பறதுக்குள்ள மறுபடியும் குழி தோண்டிடும். மூணு வாரம் எனக்கும் அதுக்கும் இதே வேலை. அந்தக் கோட்டையைத் தன்னோடதுன்னு முடிவு பண்ணிடுச்சு. மஞ்சள் அந்தப் பக்கம் தலையைக் காட்டினா போதும், விரட்டி விரட்டிக் கடிக்கும். மஞ்சள் பாவம், மேல ஒரு மூலையில பில்டர் குழாய்க்குப் பின்னால ஒட்டிக்கிட்டு நிக்கும். நாள் பூரா அங்கயே. "இது என்னங்க இப்படி ஒரு ஜென்மம், தொட்டி பூரா அதுக்கே வேணுமாம், இன்னொரு உயிர் மூச்சு விடக் கூடாதா"ன்னு அவருகிட்டச் சொன்னேன். அவரு என்னை ஒரு பார்வை பார்த்தாரு. அப்புறம் பேப்பரை எடுத்துக்கிட்டாரு. வழக்கம்தானே.

அப்பதான் அந்த மஞ்சளுக்கு வியாதி வந்துச்சு. தீனி போட்டா தொடாது. இட்லி போட்டேன், ரஸ்க் போட்டேன், கடையில வாங்கின மாத்திரை மாதிரித் தீனி போட்டேன், எதையும் திங்கல. தாடை வீங்கித் தொங்குது. பொன்னுக்கு வீங்கி மாதிரி. மஞ்சள் பொடியைக் கரைச்சு ஊத்தலாம்னு நான் கிண்ணத்துல குழைச்சுக்கிட்டிருக்கேன், வாசல்ல அந்தப் பையன் குரல். எங்க வீட்டுக்காரரே போய்க் கூட்டிக்கிட்டு வந்திருக்காரு. என்னைக் கேக்காம.

வந்தவன் தொட்டி முன்னாடி மண்டி போட்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் அவரைப் பார்த்துச் சொல்றான், "அங்கிள், இது வியாதி இல்ல. வாயில குஞ்சு வச்சிருக்கு."

வாயில குஞ்சாம். முட்டையை வாய்க்குள்ளயே வச்சு அடைகாக்குமாம் அந்த மீனு. குஞ்சு பொரிஞ்சு, நீந்தற அளவுக்கு வளர்ற வரைக்கும் வாயைத் திறந்து ஒரு பருக்கை திங்காதாம். பட்டினி கிடக்குமாம். எங்க வீட்டுக்காரர் அதைக் கேட்டுட்டு தலை முட்டற அளவுக்குக் கண்ணாடிகிட்டக் கொண்டு போய்ப் பார்க்கறாரு. நான் ரெண்டு மாசமா பாருங்க பாருங்கன்னு கத்தினப்பல்லாம் பார்க்காத மனுஷன்.

"ஆன்ட்டி, அந்த நீலம் இதை நிம்மதியா இருக்க விடாது. கொன்னுடும். என்கிட்டக் குடுங்க, தனியா ஒரு தொட்டியில வச்சுக்கறேன். குஞ்செல்லாம் வெளிய வந்ததும் திருப்பிக் கொண்டு வந்து தந்துடறேன்"ன்னான். எப்படி இருக்கு? எங்க வீட்டுப் பிரசவத்தைப் பக்கத்து வீட்டுல வச்சுப் பார்க்கணுமாம். "எங்களுக்குப் பார்க்கத் தெரியும், நீ போய் உன் வேலையைப் பாரு"ன்னு அனுப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வர்றேன், தொட்டியில மஞ்சள் இல்ல. நீலம் மட்டும் கோட்டை வாசல்ல நின்னுக்கிட்டு என்னை முறைக்குது. "எங்கங்க மஞ்சளு?"

"நான்தான் குடுத்தேன்."

ரெண்டே வார்த்தை. முப்பத்தஞ்சு வருஷத்துல என்னைக் கேக்காம இந்த மனுஷன் ஒரு கைக்குட்டை வாங்கினது கிடையாது. மீனை எடுத்துக் குடுத்திருக்காரு. அதுவும் டம்ளர்ல பிடிச்சு, தானே ஏந்திக்கிட்டுப் போயிருக்காரு. இப்படி ஒரு மனுஷனை இப்படி மாத்தினது யாரு? நீங்களே சொல்லுங்க. வீட்டுக்குள்ள புகுந்து கலகம் பண்றதுன்னா இதுதானே?

அந்த நீலமும் அப்புறம் ரொம்ப நாள் இருக்கல. நான் ஒரு நாள் கண்ணாடியெல்லாம் பாத்திரம் தேய்க்கற சோப்புப் போட்டு நல்லாக் கழுவி விட்டேன், மறுநாள் அதுவும் போயிடுச்சு. பண்ண பாவம் சும்மா விடுமா. இப்ப அந்தத் தொட்டியில வெங்காயம் போட்டு வச்சிருக்கேன். நல்லாக் காத்தோட்டமா இருக்கு.

காபி ஆறிடப் போகுது, குடிங்க.

கதை அதோட முடிஞ்சிருந்தா நான் இவ்வளவு பேச மாட்டேன். அதுக்கப்புறம் இவரு சாயங்காலம் ஆனா அங்க போக ஆரம்பிச்சாரு. அவன் ஆபீஸ்ல இருந்து வந்து பைக்கை நிறுத்தற சத்தம் கேட்டா போதும், செருப்பை மாட்டிடுவாரு. குஞ்சு வெளிய வந்துச்சாம், வந்து சொன்னாரு. எள்ளு மாதிரி இருக்காம், ஆபத்துன்னா ஓடிப் போய் அம்மா வாய்க்குள்ளயே புகுந்துக்குமாம். "அப்படியா"ன்னேன். வேற என்ன சொல்ல? என் மீனு, என் மீனோட குஞ்சு, கதை எனக்கே சொல்றாரு. திருப்பித் தர்றேன்னு அந்தப் பையன் ஒரு நாள் கிண்ணத்தோட வந்தான். உன் கை பட்டது எனக்கு வேண்டாம், நீயே வச்சுக்கன்னுட்டேன். எனக்கும் மானம் ரோஷம் இருக்குல்ல.

செவுத்துல காதை வச்சு ஒட்டுக் கேக்கற ஆளு நான் இல்ல. டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சா தானா கேக்கும். இந்த மனுஷன் அங்க பேசறாருங்க. துணை மின் நிலையத்துல எப்பவோ தீப்பிடிச்ச கதை, மேலதிகாரி ஒருத்தர் டிரான்ஸ்ஃபார்மரைக் கண்டா நடுங்கின கதை. எனக்கே தெரியாத கதை. சிரிப்பு வேற. முதல்ல நான் அந்தப் பையனோட அப்பாதான் ஊருல இருந்து வந்திருக்காருன்னு நினைச்சேன், யாரு இப்படிச் சிரிக்கறதுன்னு. பார்த்தா இவரு.

மீனுக்கெல்லாம் பேரு வச்சிருக்காங்க ரெண்டு பேரும். பெருசா ஒண்ணு எல்லாரையும் விரட்டுமாம், அதுக்குச் செயற்பொறியாளர்னு பேரு. ஒண்ணுக்கு லைன்மேன். ஒரு நாள் கேக்குது, "மங்கை இன்னைக்குச் சாப்பிட்டாளா?"ன்னு இவரு கேக்கறாரு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. மங்கையர்க்கரசின்னு எங்கப்பா எவ்வளவு யோசிச்சு வச்ச பேரு. அதை ஒரு மீனுக்கு வச்சிருக்காரு. எந்த மீனுக்குன்னு நான் கேக்கல. கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு என்ன ஆகப் போகுது.

என் பொண்ணு சுபத்ரா புனேயில இருக்கா. எனக்கு ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா. "அம்மா நல்லாயிருக்கியா, சரி வச்சுடறேன்," அவ்வளவுதான். ஆனா அவ அந்தப் பையன் போனுக்கு வீடியோ கால் போட்டு அப்பாவோட மணிக்கணக்கா பேசறா. ஏன்டி, அப்பாவுக்குச் சொந்தமா போன் இல்லையான்னு கேட்டேன். "அங்க இருந்தா அப்பா பேசறாரும்மா"ங்கறா. பாருங்க, என் பொண்ணையும் கூடச் சேர்த்துக்கிட்டாங்க.

இதுக்கெல்லாம் பலன் ஐப்பசியில கிடைச்சுது. நல்ல மழை. நான் என் தங்கச்சி மருமக வளைகாப்புக்கு ஆவடி போயிருந்தேன். போனு பைக்குள்ள இருக்கு, அங்க நாதஸ்வரச் சத்தம், எனக்கு எங்க கேக்கும்? எடுத்துப் பார்த்தா அந்தப் பையன் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கான். இவருக்கு அங்க வச்சு நெஞ்சு வலி. மீனைப் பார்த்துக்கிட்டிருந்தவரு அப்படியே சாஞ்சிருக்காரு. இவன் தூக்கிக் கீழ கொண்டு வந்து, கீழ் வீட்டுக்காரர் கார்ல போட்டு, தண்ணி நின்ன தெருவெல்லாம் சுத்தி ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கான். இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா இல்லன்னாங்களாம் டாக்டருங்க. அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க.

நான் போய்ச் சேர்றேன், ஐ.சி.யு. வாசல்ல உட்கார்ந்திருக்கான். சட்டையெல்லாம் நனைஞ்சு, கால்ல செருப்பு கூட இல்ல. ஒரு ஆஸ்பத்திரிக்கு வர்றவன் செருப்புப் போட்டுக்கிட்டு வர மாட்டான்? கையில இவரோட கண்ணாடியையும் வாட்சையும் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். அதெல்லாம் இவன் கையில எதுக்கு? நான் இல்லாதப்ப ஆபரேஷனுக்குக் கையெழுத்து வேற போட்டிருக்கான். உறவு முறைன்னு கேட்டதுக்கு மகன்னு சொல்லியிருக்கான். பொய். அதையும் குறிச்சுக்கங்க, பொய் சொல்றவன்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நல்லாக் கேட்டேன். "உன் மீனாலதான்டா இவருக்கு இந்த கதி. உன் வீட்டு வாசப்படி மிதிக்காத வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு"ன்னு அத்தனை பேரு முன்னாடியும் கத்தினேன். பதில் பேசுவான்னு பார்த்தா, "ஆன்ட்டி, நீங்க சாப்டீங்களா?"ங்கறான். ரோஷமில்லாதவன். ரெண்டு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தாலாவது எனக்கு மனசு ஆறியிருக்கும்.

நெஞ்சுக் குழாய்ல கம்பி மாதிரி ஸ்டென்ட்னு ஒண்ணு வச்சு அனுப்பிட்டாங்க. இப்ப நல்லாத்தான் இருக்காரு. டாக்டர் மறுபடியும் அதையேதான் சொல்றாரு, அமைதியா இருக்கணும்னு. அதனால பகல்லயும் அங்கதான். அவன் சாவியைக் குடுத்துட்டுப் போயிடறான், இவரு போய் உட்கார்ந்துக்கறாரு. இப்பவும் அங்கதான் இருக்காரு. நான் என்ன பண்றது? இங்க உட்கார்ந்து தனியா டி.வி. பார்க்கறேன். பழகிடுச்சு.

இவ்வளவுதாங்க அவன் குணம். பொறாமை, பொய், ரோஷமில்ல, அடுத்த வீட்டுக் குடும்பத்துல தலையிடறது. இனி உங்க இஷ்டம். கல்யாணம் ஆகி உங்க பொண்ணு இங்க வந்தான்னா, நான் பார்த்துக்கறேன், அது வேற விஷயம். சமையல் கத்துக் குடுப்பேன். சாயங்காலம் எங்க வீட்டுக்காரரு அங்க போய் உட்கார்றதை அவ கொஞ்சம் பொறுத்துக்கணும், அதை மட்டும் முன்னாடியே சொல்லி வச்சுடுங்க.

என்னது? ஓசூரா?

பொண்ணு வேலை பார்க்கறது ஓசூர்ல, சரி. அவளுக்கு இங்க மாத்தல் கிடைக்காதா? இவன் அங்க வந்துடறேன்னு சொல்லிட்டானா? எப்ப சொன்னான்? அந்தக் கம்பெனிக்கு ஓசூர்லயும் கிளை இருக்குன்னு, வீட்டைக் காலி பண்ணிட்டு வந்துடறேன்னு, அவனே சொன்னானா?

அப்படியா.

இல்லைங்க, நான் ஒண்ணும் நினைக்கல. ஆனா பாருங்க, இது சரிப்படாது. நான் இவ்வளவு நேரம் ஏதோ பேச்சுக்குச் சொன்னேன்னு எடுத்துக்காதீங்க. அவனுக்குப் பொண்ணு குடுக்காதீங்க. பொண்டாட்டி கூப்பிட்டா ஊரை விட்டே போறேன்னு சொல்றவன் என்ன ஆம்பளை? இங்க ஒரு மனுஷன் இவனை நம்பி உட்கார்ந்திருக்காரு. அவருக்கு இதய நோய். அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருப்பானா? மனசாட்சி இருக்கறவன் செய்யற வேலையா இது? உங்க அண்ணன்கிட்டச் சொல்லுங்க, பக்கத்து வீட்டம்மா திட்டவட்டமா வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னு.

இதோ, அவரே வர்றாரு. வாங்க. இவங்க சபரிக்குப் பொண்ணு குடுக்கறவங்க, பொண்ணோட அத்தை. உட்காருங்க, வேகமா நடந்தீங்களா, மூச்சு வாங்குதா? இல்லையா, சரி. கல்யாணம் ஆனா அவன் ஓசூருக்குப் போறானாம், தெரியுமா உங்களுக்கு?

தெரியுமா? எப்பவே சொல்லிட்டானா?

பார்த்தீங்களா, இவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் ஒண்ணும் தெரியல. என்ன, இவங்ககிட்டப் பேசணுமா? பேசுங்களேன், யாரு வேண்டாம்னது. "கண்ணை மூடிக்கிட்டுக் குடுங்கம்மா"வா? கேட்டுக்கிட்டீங்களா. ஒரு மணி நேரமா நான் தொண்டை வறண்டு பேசினதை இவரு மூணு வார்த்தையில முடிச்சுட்டாரு. நீங்களும் தலையை ஆட்டறீங்க. ஆட்டுங்க.

சரி, அவன் போயிட்டா அந்தத் தொட்டி என்ன ஆகும்? ஓசூர் வரைக்கும் அதைத் தூக்கிட்டுப் போகவா முடியும்? அம்பத்தூர்ல இருக்கற சிநேகிதனுக்குக் குடுக்கறானா? அத்தனை மீனையுமா? நம்மகிட்டக் கேட்டிருக்கலாமே ஒரு வார்த்தை.

கேட்டானா? நீங்கதான் வேண்டாம்னீங்களா? ஏன்?

சொல்லுங்க. இவங்க வெளியாள்னு பார்க்காதீங்க, சொல்லுங்க.

என்ன சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க.

"நம்ம வீட்டுக்கு வந்தா அதுங்க பொழைக்காது மங்கை."

அப்படியா சொன்னீங்க. சரி.

இல்லைங்க, நீங்க எழுந்திருக்காதீங்க, எனக்கு ஒண்ணுமில்ல. இவரு இப்படித்தான், வருஷத்துக்கு ஒரு வார்த்தை பேசுவாரு, அதை இப்படிப் பேசுவாரு. இவருக்கு மீனைப் பத்தி என்ன தெரியும்? எல்லாம் அந்தப் பையன் சொல்லிக் குடுத்தது. பொழைக்காதாம். யாரோ ஒரு அம்பத்தூர்க்காரன் வீட்டுல பொழைக்குமாம், இங்க பொழைக்காதாம். அவன் யாரு, அவன் எப்படித் தீனி போடுவான், சோறு தின்ன கையைக் கழுவிட்டுத் தொடுவானா, ஏதாவது தெரியுமா இவருக்கு?

ஏங்க, நீங்க கொஞ்சம் வர்றீங்களா? பொண்ணோட அத்தை, உங்களைத்தான். அந்த டி.வி. ஸ்டாண்டை அந்தப் பக்கம் பிடிங்க. டி.வி. இல்லன்னா யாரும் செத்துட மாட்டாங்க, பெட்ரூம்ல கிடக்கட்டும். இதை எடுத்துட்டா இந்தச் செவுரு முழுசாக் கிடைக்கும். அஞ்சடி இருக்குமா? ஆறடி இருக்கும். மெல்ல, வயரு மாட்டிக்கப் போகுது. நீங்க வராதீங்க, உங்களை யாரு கூப்பிட்டது? நெஞ்சுல கம்பியை வச்சுக்கிட்டு இதைத் தள்ள வர்றீங்க. அங்க நாற்காலியில உட்காருங்க. உட்கார்ந்துட்டீங்களா? இப்ப அங்க இருந்து பாருங்க. தொட்டியை ஜன்னல் பக்கம் வச்சா நல்லாத் தெரியுமா, இல்ல இப்படி நடுவுல வச்சா நல்லாத் தெரியுமா? நான் வாயை மூடிக்கிட்டு நிக்கறேன். நீங்களே சொல்லுங்க.